செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: உரிய காலத்தில் தடுப்பூசி

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம். படிப்பகமும் மாணவர் உதவியும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி தடுப்பூசிப் பணிக்கே சென்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

கிராம சுகாதார செவிலியருடன் நம் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று தடுப்பூசி நாள்கள் குறிக்கப்படும் தாய் சேய் நல அட்டைகளைப் பார்த்ததில், தடுப்பூசியே வேண்டாம் என்று மறுக்கும் வீடு நம் மீனவ ஊரில் அரிது என்பதும், காலம் தவறிய வீடுகளே மிகுதி என்பதும் தெளிவாயிற்று. குழந்தை மருத்துவமனையில் பிறப்பதால் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, கல்லீரல் அழற்சிக்காக 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஆகியவை தவறுவதில்லை. 6, 10, 14 வாரங்களில் தாய் பெரும்பாலும் பிறந்த வீட்டில் இருப்பதால் பாட்டிமார்களே நாள் கணக்கு வைத்து அழைத்துச் செல்கிறார்கள். அதன் பிறகுதான் அட்டையில் கட்டங்கள் வெறுமையாகின்றன. தந்தை தொழிலுக்காகக் கேரளக் கரைக்குச் செல்லும்போது குடும்பமும் உடன் போய்விடுகிறது. ஊரில் இருக்கும் தாய்மாரோ பாசி எடுக்கவும் கருவாடு காயப்போடவும் விடியலிலேயே கிளம்பிவிடுவதால், தடுப்பூசி போடும் புதன்கிழமை கைநழுவிப் போகிறது. 9 மாதத்து ஊசி தள்ளிப் போவதும், 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டியது மறந்தே போவதும், 5 வயதுக்கு மேல் ஓர் ஊசி உண்டு என்பதே பல வீடுகளில் தெரியாதிருப்பதும் இவ்வாறு நேர்பவையே.

இவற்றுள் 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் இரண்டு தவணைகளாகப் போடும் தட்டம்மை–ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி தாமதமாவதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன; ஓர் ஊரில் அது பரவாமல் நிற்க, நூற்றுக்குச் சுமார் 95 பேருக்காவது இரண்டு தவணைகளும் முடிந்திருக்க வேண்டும். 9 மாதக் குழந்தையின் உடலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சிறிது எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், முதல் தவணை எல்லாக் குழந்தைகளிடமும் முழுப் பயன் தருவதில்லை. அக்குறையை நிறைவு செய்வது இரண்டாம் தவணையே. இராமேசுவரத்திற்கு நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர்கள் வருகிறார்கள், நம் பிள்ளைகள் அதே பேருந்துகளில் பயணிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும் வெளியார் நுழையாமல் காப்பதும் நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. அதை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் தட்டம்மை நிமோனியாவிலும், மூளைக் காய்ச்சலிலும், பார்வை இழப்பிலும் கொண்டுபோய் விடக்கூடியது. ஊசியால் அதை வராமலே தடுக்க முடியும்.

நாள் தவறிவிட்டதே, திட்டுவார்களே என்று கூச்சப்பட்டுப் பிறகு போகாமலே இருந்துவிடும் தாய்மார்களுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். விட்டுப்போன தவணைக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை 5 வயது வரையிலும், தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி (டெட்டனஸ்) மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை 7 வயது வரையிலும் அரசுத் திட்டத்திலேயே போட்டுக்கொள்ளலாம். இலேசான சளியோ இருமலோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்; போட்டபின் அரை மணி நேரம் நிலையத்திலேயே இருக்கச் சொல்வது பாதுகாப்புக்காகவே.

முற்பகலிலேயே வந்துவிடுமாறு நாம் வற்புறுத்தியதற்கும் காரணம் உண்டு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காக்கப்படும் தட்டம்மை–ரூபெல்லா மருந்து, தூளாக இருப்பதைக் கரைத்த 4 மணி நேரத்திற்குள் தீர்க்கப்பட வேண்டும், மீதி கொட்டப்படும். ஒரு தெருவின் குழந்தைகள் சேர்ந்து வந்தால் மருந்து வீணாவதில்லை. இதற்காகப் புதன்கிழமைகளில் தெருவுக்கு ஓர் உறுப்பினர் அழைத்துவரும் ஏற்பாட்டைச் செய்தோம்; இந்த ஆண்டு நாம் செய்தவற்றுள் மிகுந்த பயன் தந்தது இதுவே என்பது என் கருத்து.

பெரியவர்கள் நிலை இதைவிடக் குறைவானது. தூண்டில் முள், துருப்பிடித்த நங்கூரம், கெளுத்தி முள், திருக்கை முள் என்று காயமில்லாத வாரமே நம் தொழிலில் இல்லை. மஞ்சளைப் பற்றுப் போட்டு மறுநாளே கடலுக்குப் போகிறோம். மற்றவர்களுக்குப் போட்டிருப்பதால் எனக்குத் தட்டம்மை வராமல் போகலாம். ஆனால் இரண ஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று, மண்ணிலிருந்தும் சாணத்திலிருந்தும் புண்ணுக்குள் நுழைவது என்பதால், அவரவர் போட்டுக்கொண்ட ஊசியைத் தவிர வேறு காப்பு இல்லை. பள்ளிப் பருவத்தில் 10, 16 வயதுகளில் இரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடப்படும் டி.டி. (Td) ஊசியுடன் நின்றுவிடாமல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான காயம் பட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதியோரும் நீரிழிவு உள்ளவர்களும் ஆண்டுதோறும் போடும் ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்கலாம். ஹஜ், உம்ரா செல்லும் நம் சகோதரர்கள் மூளையுறை அழற்சித் தடுப்பூசியைக் கட்டாயத்திற்காகவேனும் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்கிறார்கள். அதே அக்கறை வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் வேண்டும்.

வரும் ஆண்டிற்கு நிர்வாகக் குழு முன்மொழிவது இரண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒப்புதல் பெற்றுப் பெரியவர்களுக்கு டி.டி. ஊசி முகாம் நடத்துதல் ஒன்று. தொழிலுக்காக வெளியூர் செல்லும் குடும்பங்கள் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லவும், சென்ற இடத்து அரசு மருத்துவமனையில் அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ளவும், புறப்படும் முன்பே நாள்களை எழுதிக் கொடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஒப்புதல் அளித்து, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்