பின்மார்க் யாருடைய மண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வேயைப் பற்றி நமது பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையையோ, அங்கு குடியேறிய நம்மவர்களின் முன்னேற்றத்தையோ பற்றியனவாகவே அமைகின்றன. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற பலர் அந்நாட்டின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்து, ஊரிலிருந்த குடும்பங்களைத் தாங்கினார்கள். அந்த மண்ணில் அவர்களுக்கும் நோர்வேஜியருக்கும் முன்னரே வாழ்ந்த, ‘சாமி’ எனப்படும் பழங்குடி மக்களைப் பற்றி நாம் ஏறக்குறைய எதுவுமே எழுதியதில்லை.

நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் இன்று பிரிந்து கிடக்கும் இவர்களைக் கலைமான் மேய்ப்பவர்களாகவே படங்கள் காட்டுகின்றன. உண்மையில் மேய்ப்பவர்கள் அவர்களுள் சிறுபான்மையினரே. கரையோரச் சாமிகள் சிறு வள்ளங்களில் கடற்றொழில் செய்து வந்தவர்கள். 1990இல் கொட் மீன் பிடிப்பதற்கு வள்ளவாரியாகப் பங்கு வகுக்கப்பட்டபோது, முந்திய ஆண்டுகளில் குறைவாகப் பிடித்திருந்த சிறு தொழிலாளர் பலர் அப்பங்கீட்டுக்கு வெளியே விடப்பட்டனர். பெரிய படகுகளோடு போட்டியிடும் நமது கரையோர மக்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக, சாமிகளை நோர்வேஜியராக மாற்றுவதே அரசின் கொள்கையாக இருந்தது. பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளில் தாய்மொழியைக் கைவிடும்படி வளர்க்கப்பட்டார்கள். நோர்வேஜிய மொழியைப் பேசவும் எழுதவும் வாசிக்கவும் தெரியாதவருக்குப் பின்மார்க்கில் அரச காணி விற்கப்படலாகாது என்று 1902ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கை எரித்துச் சாம்பலாக்கியபோது சாமிகளின் வீடுகளும் உடைமைகளும் அழிந்தன. போருக்குப் பின் எழுந்த ஊர்கள் நோர்வேஜிய முறையிலேயே கட்டப்பட்டன.

மாற்றத்துக்கு வழிவகுத்தது பின்மார்க்கிலுள்ள அல்தா ஆற்றின் நீர்மின் அணைக்கட்டுக்கு எதிரான போராட்டம். 1979இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன் கூடாரமிட்டு உண்ணாவிரதமிருந்தார்கள். 1981இல் அணைக்கான பாதையை மறித்துக் கூடியிருந்தோரைப் பெருந்தொகைப் பொலிஸார் அகற்றினார்கள். அணை கட்டப்பட்டே விட்டது. ஆயினும் அப்போராட்டம் கிளப்பிய கேள்விகளிலிருந்துதான் 1989இல் பின்மார்க்கின் கராஷொக் ஊரில் திறந்துவைக்கப்பட்ட சாமிப் பாராளுமன்றம் பிறந்தது. 1990இல் பழங்குடி மக்கள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை உலகில் முதலாவதாக ஏற்றுக்கொண்ட நாடும் நோர்வேயே. 1997இல் மன்னர் ஐந்தாம் ஹரால்டும், 2024 நவம்பரில் நாட்டின் பாராளுமன்றமும் மன்னிப்புக் கோரினர். இவை யாவும் பாராட்டுக்குரியவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் காணி என்று வரும்போது நிலைமை வேறாகிறது. மத்திய நோர்வேயின் பொசன் தீபகற்பத்தில் கலைமான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதற்கான அனுமதிகள் சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுவதால் செல்லாதவை என்று 2021 ஒக்டோபர் 11ஆம் திகதி நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பின்னரும் அவை தொடர்ந்து சுழன்றன. 2023 பெப்ரவரியில் இளைஞர்கள் அமைச்சு அலுவலகங்களின் வாயிலை மறித்தபோதுதான் பிரதமர் மட்டத்தில் அசைவு ஏற்பட்டது. ஈற்றில் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் எட்டப்பட்ட இணக்கப்பாடுகள் நட்டஈடும் வேறு மேய்ச்சல் நிலமும் தருகின்றன. காற்றாலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. புவி வெப்பமாதலைத் தடுக்க எழுந்தவை அவை என்பதுதான் இதில் வேதனை. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து உறைந்துவிடுவதால், அடியிலுள்ள பாசியைக் கலைமான்களால் தோண்டித் தின்ன முடியாத நிலை வடக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதே வெப்பமாதலின் பெயரால் மேய்ச்சல் தரையும் அவர்களிடமிருந்தே எடுக்கப்படுகிறது.

நோர்வேயைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். வாகரையிலும் மூதூரிலும் தமிழ் பேசி வாழும் வேடர் சமூகத்தைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று எண்ணினால், கேள்வி நியாயமானதே. அந்த மௌனத்தையும் தங்கள் பத்திரிகை கலைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்மார்க்கின் தொழிற்சாலைகளில் வேலைசெய்தவர்களுள் பலர் இன்று ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கிறார்கள். சாமி அயலவரோடும் சக தொழிலாளரோடும் பழகிய அனுபவம் அவர்களிடம் இருக்கும். அவர்களைக் கொண்டு ஒரு தொடரை எழுதுவித்து ஞாயிறு இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கொக்குவில்.