அமரர் ஊர்திக்கு இலவசம், அரசுப் பேருந்துக்குக் கட்டணம்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் இருவருக்கும் ஒரே கடிதமாக எழுதக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால், ஒருவர் "அவர்களைச் சுங்கப் பாக்கியைக் கட்டச் சொல்லுங்கள்" என்பீர்கள். இன்னொருவர் "அவர்களைச் சுங்கக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்பீர்கள். நடுவில் நிற்பது பஸ். பஸ்ஸுக்குள் இருப்பது நாங்கள்.

நின்ற கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரை மாட்டுத்தாவணி போகிற காலை பஸ். தென்மாவட்ட டோல்கேட் ஒன்றில் (எதுவென்று இங்கே வேண்டாம், அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் மாதச் சம்பளம்தான்) ஃபாஸ்டேக்கில் காசு இல்லை என்று திரை காட்டிவிட்டது. கம்பி எழவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தார். கண்டக்டர் டிப்போவுக்குப் போன் போட்டார். மணி ஆறுகூட ஆகவில்லை. ராத்திரி டூட்டியில் இருந்தவர் எடுத்து, பணம் போடுகிற கிளார்க் பத்து மணிக்குத்தான் வருவார் என்றார். ரொக்கமாகக் கட்டலாம், ஆனால் இரட்டிப்பு.

முன் சீட்டில் மல்லிகை மூட்டையோடு ஒரு பாட்டி. "பை நெறைய காசு வச்சிருக்கியே, அதக் குடுத்துட்டு வண்டிய எடேன்ப்பா" என்றார்.

"இது கவர்மென்ட் காசு ஆத்தா. இதுல டபுளாக் கட்டுனா நாளைக்கு என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

பாட்டி ஈரச் சாக்கின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, அடியில் கிடந்த மொட்டுகளை மேலே புரட்டிப் போட்டார். சூடு ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை எட்டு மணிக்கு மேல் கொண்டுபோனால் பாதி விலைக்குத்தான் கேட்பார்களாம். யார் யாரையோ பிடித்துக் கடைசியில் பணம் ஏறியபோது நாற்பது நிமிஷம் போயிருந்தது. அந்த நாற்பது நிமிஷமும் பக்கத்துத் தடத்தில் கார்கள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயின. பெரும்பாலான கார்களில் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

அன்றிலிருந்துதான் இந்தக் கட்டண விதிகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

அமைச்சகத்துக்கு: உங்கள் 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, பஸ்ஸுக்கு 2 ரூபாய் 20 பைசா என்பது அடிப்படை விகிதம். மூன்று மடங்குக்கும் மேல். லாரியும் பஸ்ஸும் ஒரே வரியில் இருக்கின்றன. சிமெண்ட் மூட்டை ஏற்றிய வண்டியும், பள்ளிக்கூட வாத்தியாரையும் பூக்காரப் பாட்டியையும் ஏற்றிய வண்டியும் விதியின் கண்ணுக்கு ஒன்று. அச்சு எத்தனை என்று எண்ணுகிற விதி, ஆள் எத்தனை என்று எண்ணுவதில்லை.

கனமான வண்டி சாலையை அதிகம் தேய்க்கும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்குப் பிரித்தால் பஸ் பயணியின் பங்கு சில்லறைதானே என்றும் கேட்பீர்கள். அதுவும் சரி. ஆனால் ஒரு பஸ்ஸில் வருகிற ஐம்பத்தைந்து பேரும் காருக்கு இருவராகக் கிளம்பினால் இருபத்தெட்டு கார் சாலையில் இருக்கும். நான்கு வழியை ஆறு வழியாக்க நிலம் எடுக்கும் நிலைமை வருவது அந்த இருபத்தெட்டால்தான், இந்த ஒன்றால் அல்ல. தேய்மானத்துக்குக் கணக்குப் பார்க்கும் நீங்கள், மிச்சமாகிற இடத்துக்கும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டாமா?

இடத்தை அடைப்பவருக்குத்தான் சலுகையும் போகிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் கொண்டுவந்தீர்களே, 3,000 ரூபாய்க்கு ஓராண்டு பாஸ்! 200 முறை கடக்கலாம். அப்போதைய விலையில் ஒரு முறைக்கு 15 ரூபாய். சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். இந்த 15 ரூபாயை நான் வேறோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். 2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் சுங்கம் தொடங்கியதும், கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் சாதாரணப் பேருந்துப் பயணியின் டிக்கெட்டில் ஏற்றிய தொகை அதே 15 ரூபாய். பாஸில் ஒரு முழுக் காருக்கு 15. பஸ்ஸில் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 15.

பஸ்ஸுக்கும் மாத பாஸ் இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒற்றைப் பயணக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்ற விலைக்கு, மாதத்துக்கு 50 முறை. ஒரே சாவடியை நாளுக்கு ஆறு முறை கடக்கும் பஸ்ஸுக்கு அது ஒன்பதாம் நாளே தீர்ந்துவிடும்.

கட்டணமே வேண்டாதவர்களின் பட்டியலும் விதியில் இருக்கிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர், அடையாள அட்டையோடு வரும் சட்டமன்ற உறுப்பினர், ராணுவம், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, அமரர் ஊர்தி. ஒருவர் செத்த பிறகு இலவசமாகப் போகலாம். ஐம்பத்தைந்து பேர் உயிரோடு போனால் உண்டு கட்டணம். பரனூர் சாவடியில் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கட்டணமில்லாதவை என்று கணக்குக் காட்டப்பட்டிருந்ததை மத்திய தணிக்கை அறிக்கையே 2023-ல் எடுத்துச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் நாலு பஸ்ஸுக்கு இடம் இல்லாமலா போயிற்று?

இப்போது சென்னைப் பக்கம் திரும்புகிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று சுங்கம் ஏறும்: நிலையாக 3 சதவீதம், அதற்கு மேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். உங்கள் பஸ் கட்டணமோ 2018 ஜனவரியில் ஏறியது. அதற்குப் பிறகு ஏழாண்டுக்கு மேல் அப்படியே நின்றது. கட்டணத்தை ஏற்றுங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏற்றவும் வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, மறுபக்கம் அசையாமல் நின்றால் நடுவில் பள்ளம் விழும் என்பது எட்டு போக்குவரத்துக் கழகங்களின் கணக்குப் பிரிவுகளுக்கும் தெரியாததா?

அந்தப் பள்ளத்தின் ஆழம் 2025 ஜூலையில் ஊருக்கே தெரிந்தது. சுங்கப் பாக்கி 276 கோடி ரூபாய். மதுரை–கன்னியாகுமரி சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளிலும் ஜூலை 10 முதல் அரசுப் பேருந்துகளை விடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு உடனே நிறுத்திவைக்கப்பட்டதால் பஸ் ஓடியது. ஓடாமல் போயிருந்தால்? பாக்கி வைத்தது அரசு, பாக்கி கேட்டது சுங்கம் வசூலிக்கும் கம்பெனி. நடுரோட்டில் இறங்கி நின்றிருக்கப் போவது டிக்கெட்டுக்குச் சரியாகக் காசு கொடுத்தவர்கள். மூட்டை மல்லிகை அன்றைக்கு யார் தலையில் போயிருக்கும்?

சுங்கத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், எவ்வளவு நிலுவை, எந்தச் சாவடியில் எவ்வளவு என்பதைக் கழகவாரியாக வெளியிடுங்கள். நீதிமன்றம் கேட்கும்போதுதான் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

வழியே இல்லாமலும் இல்லை. 2015-ல் மகாராஷ்டிர அரசு தன் மாநிலச் சாவடிகளில் 12-ஐ மூடியது. இன்னும் 53-இல் கார்களோடு எஸ்.டி. பஸ்களுக்கும் (அங்கத்திய அரசுப் பேருந்துகள்) விலக்குக் கொடுத்தது. லண்டனில் 2003-ல் நெரிசல் கட்டணம் வந்தபோது, நகருக்குள் நுழையும் காருக்கு 5 பவுண்டு, பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை. வசூலான பணத்தையும் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கார்க்காரர் கட்டியதில் பஸ் ஓடியது. இங்கே பஸ்ஸும் கட்டுகிறது, அது குடிக்கும் டீசலிலும் சாலைக்கான செஸ் தனியாகப் போகிறது.

ஆகவே அமைச்சகம் 2008 விதிகளின் விலக்குப் பட்டியலில் வழித்தட உரிமத்தில் ஓடும் பஸ்களைச் சேர்க்க வேண்டும். அரசு பஸ் மட்டும் என்று நான் கேட்கவில்லை. கிராமத்துக்கு ஓடும் தனியார் ரூட் பஸ்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆம்னி பஸ் வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு நஷ்டஈடு தர வேண்டிவரும் என்றால், நெடுஞ்சாலை ஆணையமே நேரடியாக வசூலிக்கும் சாவடிகளிலிருந்து தொடங்குங்கள். அதுவும் முடியாதென்றால் காருக்கு உள்ள கட்டணத்தையாவது, அந்த ஆண்டு பாஸையாவது பஸ்ஸுக்குக் கொடுங்கள். 200 முறை என்ற வரம்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் பஸ்ஸுக்கு அது ஐந்து வாரத்துக்குக்கூட வராது.

மாநிலத் துறைக்கு இதற்கெல்லாம் டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு டிப்போவிலும் ராத்திரி டூட்டியில் இருக்கும் ஒருவரிடம் ஃபாஸ்டேக்கில் பணம் போடும் அதிகாரத்தைக் கொடுத்து, அவருடைய நம்பரைக் கண்டக்டர்களிடம் கொடுத்துவையுங்கள். காலை பஸ்ஸில் பூ வருகிறது.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணி பஸ்ஸின் அன்றாடப் பயணி ஒருவர்