தொண்டைக் குழாயோடு வாழும் என் மகளுக்காக நான்காவது மனு

பெறுநர்
உயர்திரு உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகம்.

பொருள்: கீழத்தெருவில் அடிக்கடி ஏற்படும் மின்தடை, குறைந்த மின்னழுத்தம் – மருத்துவக் கருவிகளை நம்பி வாழும் குழந்தை – கூடுதல் மின்மாற்றி அமைக்கவும் மின்தடையை முன்கூட்டித் தெரிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சித்திரையிலும் ஆடியிலும் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த மனுக்கள், ஐப்பசியில் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. மூன்றுக்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைப் பற்றித் தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரேஷன் கடைக்கு எதிரே இறங்கும் மண்பாதை, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வாய்க்கால் மதகோடு தெரு முடிந்துவிடும். மதகுக்கு முந்திய ஓட்டு வீடு எங்களுடையது. மின்கம்பியும் எங்கள் வீட்டோடு நின்றுவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துக் கம்பங்களையெல்லாம் சாய்த்துப் போட்டபோது, வெளி மாவட்டத்து மின் ஊழியர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்து, முழங்கால் சேற்றில் நின்று புதுக் கம்பம் நட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள்தான் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டோம். அந்த நன்றியை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறியதால் மூளை பாதிக்கப்பட்டது. பெருமூளை வாதம் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நிமோனியா வந்து தஞ்சாவூரில் பல நாள் வெண்டிலேட்டரில் கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் கழுத்தில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி குழாய் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவளுக்கு மூச்சு அந்தக் குழாய் வழியாகத்தான். கஞ்சியும் பாலும் மூக்கில் போட்டிருக்கும் குழாய் வழியாக, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அவளுக்கு வலு இல்லை. சளி குழாய்க்குள் நின்றால் சக்ஷன் மெஷினைப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். பகலில் பத்துப் பன்னிரண்டு தடவை, இரவில் நாலைந்து தடவை. அந்த மெஷின் கரண்டில் ஓடுகிறது. நான் தங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான் ஐயா. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

1. எங்களுக்குக் கரண்ட் வருவது கூட்டுறவு சங்கத்துக்குப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து. ஐஸ் கம்பெனி, மாவு மில், தோப்பு மோட்டார்கள், பெரிய தெருவில் புதிதாக வந்த ஏசிகள் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கரண்டும் அப்படித்தான் வருகிறது.

2. கரண்ட் இருக்கும்போதும் அது முழுசாக இல்லை. சாயந்திரம் ஆறரை மணிக்கு மேல் ஸ்டெபிலைசரில் 170, 165 என்று காட்டும். வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது, என் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. இன்வெர்ட்டர் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். வோல்டேஜ் இவ்வளவு இறங்கினால் இன்வெர்ட்டர் கரண்டே இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடுகிறது ஐயா. தெருவில் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், எங்கள் வீட்டில் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். பத்து பதினோரு மணிக்கு உண்மையாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். தாங்கள் இன்ஜினியர், நான் பத்தாவது வரை படித்தவள். நான் சொல்வதில் தப்பு இருந்தால் ஒரு ஆளை சாயந்திரம் ஏழு மணிக்கு மீட்டரோடு அனுப்புங்கள். காலை பதினோரு மணிக்கு வந்து அளந்துவிட்டு 225 இருக்கிறது, குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போனால் நான் என்ன செய்வேன்?

3. புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நடந்ததை மூன்றாவது மனுவில் நான்கு வரியில் எழுதியிருந்தேன். அதைப் படித்தீர்களா என்று தெரியவில்லை. அதனால் இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை. இரவு 11.10க்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் அதற்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மெஷின் சத்தம் மாறினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவோம். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போயிருந்தார். வீட்டில் நான், மாமியார், பதினாலு வயது மகன், அவள். மின்தடைப் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். பதிவு செய்துவிட்டோம் என்றார்கள். பிரிவு அலுவலகத்து எண்ணை ஒன்பது தடவை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மகன் சைக்கிளில் நேரே அலுவலகத்துக்குப் போனான். பூட்டியிருக்கிறது என்று சொல்லி அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

12.40க்கு இன்வெர்ட்டர் கத்திக் கத்தி நின்றது. ஆக்சிஜனுக்குச் சிறிய சிலிண்டர் இருந்தது, மகன் அதைத் திறந்தான். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் சிலிண்டர் எதற்கு உதவும்? காலால் மிதிக்கும் பம்பு ஒன்று வைத்திருந்தோம், அது சளியை இழுக்கவில்லை. பெரிய சிரிஞ்சில் குழாயை மாட்டி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டரில் 93 இருந்தது 88 ஆனது, பிறகு 81. உதடு நீலம் பாய்ந்தது. அவளால் அழ முடியாது ஐயா. குழாய் வைத்த குழந்தைக்குக் குரல் வராது. கண்ணை மட்டும் பெரிதாக்கி என்னையே பார்த்தாள்.

குழாய் அடைத்தால் மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாற்றுக் குழாய் தலைமாட்டில் எப்போதும் தொங்கும். மகன் டார்ச் பிடித்தான், மாமியார் தலையைப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளையின் கழுத்தில் இருந்து குழாயை உருவி, அந்தத் துளையைப் பார்த்து, புதுக் குழாயை நான் செருகினேன். பழைய குழாயின் உள்ளே விரல் நுனி அளவுக்குக் காய்ந்த சளி. மீட்டர் 90க்கு ஏறியபோதுதான் மகனின் கை நடுங்குவதைப் பார்த்தேன். அதுவரை டார்ச் வெளிச்சம் அசையவே இல்லை.

கரண்ட் வந்தது விடியற்காலை 4.50க்கு. தென்னை மட்டை உரசி பியூஸ் போயிருக்கிறது, போட்டுவிட்டேன், பத்து நிமிட வேலை என்று வயர்மேன் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று ஊருக்கு அவர் ஒரே ஆள். ஆனால் பத்து நிமிட வேலைக்கு ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம், ஐயா. குழாய் அடைத்தால் என் மகளுக்கு இருப்பது மூன்று, நான்கு நிமிடம்.

4. பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து சாயந்திரம் 5 மணி வரை நிறுத்தும்போது பேப்பரில் போடுகிறீர்கள், சரி. எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வருவதில்லை.

5. பேட்டரியில் ஓடும் சக்ஷன் மெஷின் வாங்கிக்கொள்ளலாமே என்று இரண்டாவது மனுவின்போது ஒருவர் சொன்னார். விசாரிக்காமல் இருப்போமா? அவளுக்கு அரசு கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சளி எடுக்கும் குழாய், நெபுலைசர் மருந்து, வலிப்பு மாத்திரை, டயப்பர் என்று அது முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. கடன் வாங்கி அந்த மெஷினையும் வாங்கினாலும் அதைச் சார்ஜ் போடக் கரண்ட் வேண்டாமா? வீட்டை டவுனுக்கு மாற்றிக்கொள் என்றார் இன்னொருவர். எங்களுக்கு இருப்பது இந்த வீடு ஒன்றுதான்.

6. என் மகன் அடுத்த வருடம் பத்தாவது. அந்த இரவுக்குப் பிறகு தங்கையின் கட்டில் பக்கத்தில் தரையில்தான் படுக்கிறான், டார்ச்சைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து சுவிட்ச் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறான். இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

சட்டம் பேச நான் வரவில்லை. ஆனாலும் பிசியோதெரபி மையத்தில் இன்னொரு தாய் எடுத்துச் சொன்னதால் கேட்கிறேன். மத்திய அரசு 2020 டிசம்பரில் கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகளில், எதிர்பாராமல் கரண்ட் போனால் எப்போது திரும்ப வரும் என்பதோடு உடனே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறதாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்கென்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளைவிட அதிக ஆதரவு தேவைப்படுபவர் இந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள் ஐயா?

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மதகுப் பக்கத்துக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொடுங்கள். அதற்கு மதிப்பீடு, ஒப்புதல் என்று நாளாகும் என்பது புரிகிறது. நாளாகட்டும். ஆனால் தோப்பு ஓரத்து மட்டைகளை வெட்ட யாருடைய ஒப்புதல் வேண்டும்? தோப்புக்காரரிடம் நானே பேசிவிட்டேன், வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். எங்கள் இணைப்பு எண்ணுக்கு நேரே 'மருத்துவக் கருவி உள்ள வீடு' என்று உங்கள் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். இரவில் பியூஸ் போனால் முதலில் எங்கள் தெருவுக்கு ஆள் வர வேண்டும். நீங்களாக நிறுத்துவதாக இருந்தால் முதல் நாளே ஒரு போன் செய்யுங்கள். பேட்டரியை நிரப்பி வைப்போம், முடியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். கரண்டே போகக் கூடாது என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு போன் ஐயா. மூன்று மனுவிலும் இதைத்தான் கேட்டேன்.

தயவுசெய்து ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்து பாருங்கள். என் கைபேசி எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இரவு எந்த நேரமானாலும் அழைக்கலாம், இங்கே யாராவது ஒருவர் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழந்தையின் தாய்

இணைப்பு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு நகல், முந்தைய மூன்று மனுக்களின் நகல், கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் என் மகன் எழுதி வைத்திருக்கும் நோட்டின் நகல்.