கறுப்புப் பூனையின் நிழற்கூத்து

ஐயா,

ஞாயிறு மலரில் பாரீஸின் 'கறுப்புப் பூனை' காபரே (குடியுடன் பாட்டும் கூத்தும் நடக்கும் விடுதி) பற்றிய கட்டுரை கண்டேன். 1881இல் ரொடோல்ஃப் சாலிஸ் அந்நகரின் மோன்மார்த் பகுதியில் தொடங்கிய அவ்விடத்தைக் குடியும் கும்மாளமுமாக மட்டுமே காட்டியிருப்பது முழுமையன்று. எமில் கூதோ 1878இல் நிறுவிய 'இத்ரோபாத்' இலக்கியக் கழகத்தார் அங்குக் கூடத் தொடங்கிய பின்னர், அது கவிஞர்கள் தம் கவிதைகளைத் தாமே அரங்கேற்றும் மன்றமாகவும், 1882 முதல் சொந்த வார இதழ் நடத்தும் அமைப்பாகவும், ஆன்றி ரிவியேர் துத்தநாகத் தகட்டு உருவங்களால் நிழற்கூத்து நிகழ்த்திய அரங்காகவும் வளர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மோன்மார்த் சென்றபோது, ஓவியர் ஸ்தென்லன் 1896இல் அந்தக் காபரேக்காக வரைந்த பூனைச் சுவரொட்டி பைகளில் அச்சிட்டு விற்கப்படுவதைக் கண்டேன். அது எதன் விளம்பரம் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. அந்த நிழற்கூத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைப் படங்களுடன் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், புதுச்சேரி