முட்டைக் கணக்கு

ஏற்காடு,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில், "கடையில் முட்டை மலிவாகக் கிடைக்கும்போது கிழட்டுக் கோழிகளுக்கு எதற்கம்மா தீனி?" என்று கேட்டாய். உன் அப்பாவும் இதையேதான் கேட்டார், கோழிக்கூட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டே. போனில் பதில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

சித்தி வீட்டு விசேஷத்துக்கு நாமக்கல் போயிருந்தோம் அல்லவா? பக்கத்துப் பண்ணையில் லாரிக்குக் கோழி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டினால் முட்டை குறையும், தீனிக்குக் கட்டாது, கறிக்கு அனுப்பிவிடுவார்கள். பேப்பரில் முட்டை விலைக்குக் கீழே 'முட்டைக்கோழி கிலோ இவ்வளவு' என்று ஒரு வரி வருமே, அது இதுதான். எத்தனையோ வருடமாக அந்த வரியைப் படித்திருக்கிறேன். கோழியை அன்றுதான் பார்த்தேன். ஆறு கோழி கேட்டேன். எடை போட்டவர், "குழம்புக்குத்தானே? வேக நேரமாகும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அக்கறையாகச் சொன்னார். ஏற்காடு பஸ்ஸில் நடத்துனர் அட்டைப்பெட்டிக்கும் டிக்கெட் போட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமில்லை.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் ஒன்றும் வெளியே வரவில்லை. தூக்கி மண்ணில் விட்டேன். சுடுகிற தரையில் நிற்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தன. பழகியதெல்லாம் கம்பித்தரைதானே! நகம் வளைந்து நீண்டிருந்தது. முதுகில் இறகில்லை. கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அலகு நுனியை வெட்டியிருந்ததால், தரையில் இறைத்த கம்பு கொத்தக் கொத்த நழுவியது. கிண்ணத்தில் ஆழமாகப் போட்ட பிறகுதான் தின்றன. இருட்டினால் மேலே ஏறி அடைய வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகிடந்தன. மூன்றாம் நாள் இரவுக் குளிரில் ஒன்று போய்விட்டது. பலாமரத்தடியில் புதைத்தோம். மற்ற ஐந்தையும் சாயங்காலம்தோறும் நானே தூக்கிக் கம்பில் உட்கார வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒன்று காப்பிச் செடியடியில் ஒருக்களித்து விழுந்து, காலை உதைத்து, கண் செருகக் கிடந்தது. வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து கழுத்து முறுக்குகிறது என்று அலறியபடி தண்ணீரோடு ஓடினேன். அது எழுந்து, உடம்பை உலுக்கி, புழுதியையெல்லாம் என் சேலையில் கொட்டிவிட்டு, என்னை முறைத்தது. மண்குளியலாம்! யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை. மறுநாள் ஐந்தும் ஒரே குழியில்.

நீ கேட்ட கணக்குக்கு வருகிறேன். இவற்றின் காட்டு மூதாதை வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். பண்ணைக் கோழி முந்நூறு இடுகிறது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதற்குத்தான் கிளிஞ்சல் இடித்து வைக்கிறேன். நீ கேலி செய்த அதே உரல்தான். போன மாதம் நீ ஸ்வீடனிலிருந்து அனுப்பிய காலை உணவுப் படத்தில், முட்டை ஓட்டில் முதல் எண் 1 என்று இருந்தது. வெளியே உலவும் கோழியிட்டது என்று அதற்கு அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பழைய மாதிரிக் கம்பிக்கூண்டுக்கு 2012 முதல் தடை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

நீ பீரோவில் விட்டுப்போன கேமரா இப்போது என் கையில். கோழிகளைப் படம்பிடிக்கத்தான் எடுத்தேன். நின்றுகொண்டு எடுத்தால் வெறும் முதுகுதான் வருகிறது; குப்புறப் படுத்தால்தான் முகம் கிடைக்கிறது. படுத்துப் பழகியபின் மற்றவையும் கண்ணில் பட்டன. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி வழியாக இறங்கும் மலை அணில், குளியலறை ஜன்னலில் சண்டைபோடும் சிவப்பு மீசைச் சின்னான், அக்டோபரில் ஒரே ஒரு நாள் ஆறுமணிக் குருவி. கீரியும் வந்தது, அதற்குப் படமில்லை, கல்தான்.

பிறகு ஒரு விடியலில் காட்டுச்சேவல் வந்தது. சாம்பல் நிற உடம்பு. கழுத்து இறகுகளில் மஞ்சள் மெழுகு சொட்டியதுபோலப் புள்ளிகள். வெள்ளைக்காரர்கள் மீன்தூண்டிலில் கட்ட இந்த இறகுக்காகவே இவற்றை வேட்டையாடினார்களாம். நம் வெள்ளைக் கோழிகள் இறைத்த கம்பைத் தின்னத்தான் அது வந்தது. 2008-இல் உன் ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தார் கண்டுசொன்ன ஒன்றைப் படித்தேன்: வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாம். இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நம் வெள்ளை லெக்ஹார்ன் இனம், காலை மட்டும் நம் பக்கத்துக் காட்டிலிருந்து வாங்கியிருக்கிறது!

கால்நடை மருத்துவரிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பண்ணைக்கோழியின் நோய் காட்டுக்கோழிக்குப் போகும், அங்கிருந்து இங்கேயும் வரும், வெளியே தீனி இறைக்காதீர்கள் என்றார். இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்துவிட்டேன். சேவல் இப்போது வேலிக்கு அப்பால் கூவுவதோடு சரி.

அது உள்ளே வந்தபோது கடைசியாக எடுத்த படத்தை அனுப்புகிறேன். வெளிச்சம் போதாமல் ஷட்டர் வேகம் வினாடியில் நாற்பதில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. சேவல் தலையைத் திருப்பியதில் கலங்கிவிட்டது. நம் கோழி மட்டும் தெளிவாக நிற்கிறது. இடது ஓரத்துக் காப்பிச் செடியடியைப் பெரிதாக்கிப் பார். உடம்பு தெரியாது, இரண்டு மஞ்சள் கால்கள் மட்டும் தெரியும். சேவலோடு வந்த காட்டுப்பெட்டை. எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

இப்போது வாரத்துக்கு ஒன்பது பத்து முட்டை வருகிறது, அப்பாவிடம் சொல்லிவிடாதே, விற்கலாம் என்பார். வரும்போது கேமராவுக்கு ஒரு பேட்டரி வாங்கி வா.

அம்மா