கோல் வாங்கின பிறகு என்ன? சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டாண்டில் நின்று தொண்டை கிழியக் கத்தும் மச்சான்களுக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் முடிவு கட்டுகிற ஆட்டம் வெளியூரில் என்று தெரிந்துவிட்டால் நமக்குள் இரண்டு கட்சி முளைத்துவிடுகிறது. பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று எனக்கே கணக்கில்லை. ஒருத்தர் தட்டில் பட்டர் பிஸ்கட்டை அடுக்கி, "இது ஸ்டாப்பர், இது லெஃப்ட் பேக்" என்று தொடங்குவார். "வெளியூர்ல என்னத்துக்கு வீரம்? பத்து பேரும் பாக்ஸுக்குள்ள நில்லு, சான்ஸ் கெடச்சா ஒண்ணு அடி" என்பது பஸ் நிறுத்துகிற கட்சி. "மொதல் பத்து நிமிஷம் ஏறி அடிச்சா அவன் ஆடியன்ஸே வாய மூடிடும்" என்பது பிரஸ்ஸிங் கட்சி. விவாதம் சூடாகும் நேரத்தில் யாராவது லெஃப்ட் பேக்கைத் தின்றுவிடுவார்கள்.

இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். இப்போது இரண்டின் மேலும் எனக்கு ஒரே புகார்தான். நாம் போடுகிற திட்டமெல்லாம் ஸ்கோர் 0-0 ஆக இருக்கும்வரைக்கும்தான். கோல் வாங்கின பிறகு என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. நம் கிளப்பின் பெரிய வெளியூர் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நாம் பின்தங்கி இருந்திருக்கிறோம். ஜெயித்தவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2018 மார்ச் 17 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபைனல் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில், அதுவும் பெங்களூரு எஃப்சியோடு. லீக்கில் அவர்கள் 40 புள்ளியோடு முதலிடம், நாம் 32 புள்ளியோடு இரண்டாமிடம். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து பேச்சுதான். அரக்கோணம் தாண்டும்வரை அவர்கள் முன்வரிசை சேத்ரியை யார் பிடிப்பது. காட்பாடி வந்ததும் மிக்கு. உதாந்தாவின் வேகத்துக்கு நம்ம லெஃப்ட் பேக் ஜெர்ரி தாக்குப்பிடிப்பானா என்பதில் ஜோலார்பேட்டை வந்துவிட்டது. டிசம்பரில் இதே கிரவுண்டில் 2-1 ஜெயித்தோமே, 88வது நிமிடத்தில் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் அடித்தாரே என்றார் ஒருவர். பிப்ரவரியில் நம் வீட்டுக்கே வந்து 3-1 அடித்துவிட்டுப் போனார்களே என்றார் இன்னொருவர். ஆறு மணி நேரப் பயணத்தில் நம் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், மெய்ல்சன் ஆல்வெஸ் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கார்னர் கிக் என்ற சொல்லும் வரவில்லை.

9வது நிமிடத்தில் உதாந்தா கிராஸ் போட, சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். நம் பிஸ்கட் திட்டங்கள் இரண்டும் அதோடு சரி. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். நம் கோச் ஜான் கிரெகரியின் அணி பதறிப்போய் முன்னே ஓடவும் இல்லை, ஒடுங்கிப் பின்னே போகவும் இல்லை. பந்தை அவர்கள் பாதிக்குக் கொண்டுபோனது, கார்னர் வாங்கியது. 17வது நிமிடத்தில் நம் ஆட்டக்காரர் கிரெகரி நெல்சன் எடுத்த கார்னர், ஆல்வெஸ் ஹெட்டர், 1-1. இடைவேளைக்குக் கொஞ்சம் முன், 45வது நிமிடத்தில், அதே நெல்சன், அதே ஆல்வெஸ், 2-1. எதிரணி லீக்கையே புரட்டிப் போட்ட அணி. அதை இரண்டு கார்னரில் ஒரு ஸ்டாப்பர் கவிழ்த்துவிட்டார். 67ல் நம்ம ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து அடித்தது அழகு, மறுக்கவில்லை. இஞ்சுரி டைமில் மிக்கு ஒன்றைத் திருப்பினார், 3-2. ஆனால் ஆட்டம் திரும்பியது அந்த 9க்கும் 17க்கும் நடுவில்தான்.

அந்த எட்டு நிமிடம் நாம் என்ன செய்தோம்? நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

கோவா கதை இன்னும் விறுவிறுப்பு. 2015 டிசம்பர் 20, ஃபைனல், ஃபதோர்டா ஸ்டேடியம், எதிரே எஃப்சி கோவா. 54வது நிமிடத்தில் பெலிசாரி அடித்து நமக்கு முன்னிலை, நான்கே நிமிடத்தில் அவர்களின் ஹாவ்கிப் சமன் செய்தார், 87ல் ஜோஃப்ரே அடித்து கோவாவுக்கு 2-1. மூன்று நிமிடம் பாக்கி. வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் நம்மில் உண்டு, யார் என்று சொல்ல மாட்டேன். 90ல் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது, இரண்டு நிமிடம் கழித்து நம்ம மென்டோசா அடித்து 3-2. அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, அதிர்ஷ்டமேதான். ஆனால் 87வது நிமிடத்தில் பின்தங்கிய பிறகும் அவர்கள் பாக்ஸுக்குள் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தால்தானே அந்த அதிர்ஷ்டம் வர முடியும்?

அந்த வருஷத்து அரையிறுதியையும் மறக்க வேண்டாம், கொல்கத்தா அணியோடு இரண்டு ஆட்டம். மழை வெள்ளத்தில் ஊரே முங்கிக் கிடந்ததால் நம் வீட்டு ஆட்டம் பூனேவுக்குப் போனது. அங்கே 3-0 ஜெயித்தோம். கொல்கத்தாவில் 22வது நிமிடத்தில் அவர்களின் லெகிச் அடித்தார். அங்கே நம்மவர்கள் ஒடுங்கித்தான் ஆடினார்கள், அது வேலையும் செய்தது. அடுத்த கோல் 87 வரை வரவில்லை, கடைசியில் நம்ம ஃபிக்ரு ஒன்றைப் போட்டு இரண்டு ஆட்டமும் சேர்ந்த மொத்தக் கணக்கை 4-2 ஆக்கினார். ஆகவே பஸ் நிறுத்துவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கையில் மூன்று கோல் இருந்து, ஒன்று வாங்கியதும் பதறாமல் கதவைச் சாத்த முடிந்தால் சாத்தலாம்.

ஆனால் சாத்த முடியாமல் போன நாளும் இருக்கிறது. 2020. அந்த சீசனில் அடிமட்டத்தில் கிடந்த அணியை கோச் ஓவன் கோய்ல் நடுவில் வந்து தூக்கி நிறுத்தினார். அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில், கோவாவை 4-1. "மூணு கோல் கையில இருக்கு, ஃபதோர்டால சும்மா நின்னா போதும்" என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் சொன்னோம். நானும் சொன்னேன். 10வது நிமிடத்தில் நம்ம கோயன் மேலேயே பட்டு நம் வலைக்குள், 21ல் கோவாவின் மூர்டாடா ஃபால் அடித்தார். கையில் இருந்த மூன்று ஒன்றாகிவிட்டது, இன்னும் எழுபது நிமிடம் கிடக்கிறது. நாம் சொன்னபடி கோய்லும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 81லும் 83லும் பெடியாவும் ஃபாலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பாருங்கள், 5-4 என்று கோவா போயிருக்கும். நடுவில் 52ல் சாங்டே, 59ல் வால்ஸ்கிஸ் என்று நாம் இரண்டு அடித்ததால்தான் அன்று 4-2 தோற்றும் மொத்தத்தில் 6-5 என்று தப்பினோம். தடுப்பாட்டம் பேசிய நம்மைக் காப்பாற்றியது அந்த இரண்டு கோல்.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். 2014ல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸோடு அரையிறுதியின் முதல் ஆட்டம். இஷ்ஃபாக் அகமது, இயன் ஹியூம் என்று அடுத்தடுத்து இரண்டு, கடைசி நேரத்தில் சுஷாந்த் மேத்யூ மூன்றாவது. திரும்ப வந்து சென்னையில் மூன்று அடித்துச் சமன் செய்தும், எக்ஸ்ட்ரா டைமில் கேரளாவின் பியர்சன் ஒன்றைப் போட்டுக் கதையை முடித்தார். 2024ல் மறுபடி ஃபதோர்டா, ஒரே ஆட்டத்தில் உயிர் போகும் நாக் அவுட். 36ல் கோவாவின் நோவா, இடைவேளை நெருங்கும்போது பிராண்டன். உடனே நம்ம சிர்கோவிச் ஒன்றைத் திருப்பினாலும் 2-1க்கு மேல் நகரவில்லை. முதல் கோல் நம்மைச் சாகடிப்பதில்லை. அது விழுந்து பத்துப் பதினோரு நிமிடத்துக்குள் இரண்டாவது விழுந்தால்தான் கதை மாறுகிறது. 2018ல் அந்த நேரத்தில் நாம் அடித்தோம். கொச்சியிலும் 2024லும் அவர்கள் அடித்தார்கள். 2020 அரையிறுதியிலும் அவர்கள்தான் அடித்தார்கள், முதல் ஆட்டத்துச் சேமிப்பு இருந்ததால் பிழைத்தோம்.

ஆகவே அடுத்த முறை பிஸ்கட் அடுக்கும்போது ஆட்டக்காரர்களை 4-2-3-1ஆ 4-3-3ஆ நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் கழிக்க வேண்டாம். அந்த எண்களெல்லாம் விசில் ஊதும்வரை போட்டோவுக்கு நிற்கத்தான். வேறு கேள்விகளைக் கேளுங்கள். கோல் விழுந்ததும் நடு வட்டத்துக்குப் பந்தை ஓடிக் கொண்டுபோவதா, நடந்து கொண்டுபோவதா? நான் நடக்கத்தான் சொல்வேன். கூச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஆட்டத்தைத் தொடங்கி யாருக்கு லாபம்? இரண்டு ஓரத்திலும் தடுப்பாடும் ஃபுல் பேக்குகள் சேர்ந்து ஏறலாமா? கூடாது, ஒருத்தர் ஏறினால் மற்றவர் நிற்க வேண்டும். முன்னால் இருக்கும் ஸ்ட்ரைக்கருக்கு முதுகில் ஆளை வைத்துக்கொண்டு பந்தைப் பிடித்து நிற்கத் தெரியுமா, ஒரு த்ரோவாவது வாங்கித் தருவாரா? கார்னர் எடுப்பவர் யார், முதல் போஸ்ட்டுக்கு ஓடுபவர் யார், தலைக்கு உயரமான ஆள் எத்தனை பேர்? நெல்சனும் ஆல்வெஸும் இருந்த அணிக்குக் கார்னர் என்பது பாதி பெனால்டி. இப்போது அப்படி ஒரு ஜோடி இருக்கிறதா என்று யோசித்துவிட்டு அப்புறம் சண்டை போடலாம்.

இன்னொன்று, இது பிரஸ்ஸிங் கட்சித் தம்பிகளுக்கு. வெளியூரில் முதல் இருபது நிமிடம் ஏறி ஆடினால் இருபத்தைந்தில் மூச்சு வாங்கும். மார்கழியில் கண்டீரவாவில் முடியலாம். கோவா, கொச்சி மாதிரிக் கடலோர ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்து கால் கனக்கும்போது பிரஸ்ஸிங் என்பது பந்துக்குப் பின்னால் ஓடுவது மட்டும்தான். சென்னைக்காரனுக்குப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நம் பங்கு. கோச் நம் பேச்சைக் கேட்கப் போவதில்லை, அது நமக்கும் தெரியும். நம் கையில் இருப்பது சத்தம் மட்டும்தான். வெளியூரில் நாம் ஒரு மூலைதான், சுற்றிலும் அவர்கள். நாம் 0-0லும் பாடுகிறோம், ஜெயிக்கும்போதும் பாடுகிறோம். கோல் விழுந்ததும் டிரம் அடிப்பவர் குச்சியைக் கீழே வைத்துவிடுகிறார். கண்டீரவாவில் அந்த எட்டு நிமிடத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும், பத்து வயது இருக்கும், தனியாகக் "கமான் சென்னை" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா வெட்கப்பட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஆல்வெஸ் அடித்ததும் நாங்கள் எல்லாரும் எழுந்து கத்தினோம், அவள் மட்டும் களைத்துப்போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் ஏறும் முன்பே, கோல் விழுந்ததும் எந்தப் பாட்டு, யார் தொடங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சுருதி சேராது. டிரம்மை வேண்டுமானால் நான் தூக்கி வருகிறேன். குச்சி கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லெஃப்ட் பேக்கைத் தின்றவன்