தேர்வு நாளில் வண்டியில் நண்பர்கள் இல்லை

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் தேர்வில் ஒரு பிழைகூட இல்லாமல் தேறியவன் என் மாணவன். உரிமம் கைக்கு வந்த பதினேழாம் நாள் இரவு, மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு போனான். வளைவில் வண்டி கவிழ்ந்தது. அவன் பிழைத்தான், பின்னிருக்கையில் இருந்த ஒருவன் பிழைக்கவில்லை. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, "தனியாக இருந்திருந்தால் அவ்வளவு வேகமாகப் போயிருக்க மாட்டேன் சார்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பன்னிரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கு, அவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அவன் சொன்னது சாக்கு அல்ல. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வைத் தாங்கள் அறிவீர்கள். கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டில், நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் மிகுதியாகத் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் தேர்விலோ மாணவனுக்கு அருகில் ஓர் அதிகாரி மட்டுமே அமர்ந்திருக்கிறார்.

ஆகவே கேட்கிறேன்: முதல் ஓராண்டுக்கு, நண்பர்களை ஏற்றவும் நள்ளிரவில் ஓட்டவும் அனுமதிக்காத தற்காலிக உரிமம் மட்டும் கொடுங்கள். நியூசிலாந்து 1987லேயே இந்தப் படிப்படியான முறைக்கு மாறிவிட்டது.

விபத்துக்குப் பின் தாங்கள் அறிவித்ததோ, வழுக்கும் தரையில் வண்டியை அடக்கும் கூடுதல் பயிற்சி. ஸ்வீடனில் கிரெகர்சென் என்ற ஆய்வாளர் 1996இல் இதைச் சோதித்தார். திறன் பயிற்சி பெற்ற இளைஞர்களின் ஓட்டும் திறன் மற்றவர்களுடையதைவிட உயரவில்லை. தங்கள் திறனைப் பற்றிய நம்பிக்கைதான் உயர்ந்தது. சாலையில் ஆளைக் கொல்வது அந்த நம்பிக்கை. நசுங்கிய கார்களின் படங்களைக் கல்லூரிச் சுவர்களில் ஒட்டுவதும் அப்படித்தான். 'அது வேறு யாருக்கோ நடந்தது' என்றே பதினெட்டு வயது நினைக்கும். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் உயிரை வேறெதையும்விட அதிகமாகப் பறிப்பது சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் சுவரொட்டிதானா நம் பதில்? பெற்றோர் எதிர்ப்பார்கள் என்கிறீர்கள். எதிர்க்கட்டும். இறந்த பையனின் தாயையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நானும் குற்றவாளிதான், தேர்வில் கேட்பதை மட்டுமே கற்றுக்கொடுத்தேன். வரும் திங்களன்று என் மாணவர்கள் நால்வர் உங்கள் முன் நிற்பார்கள். நால்வரும் நன்றாக ஓட்டுவார்கள். அவர்களுக்கு முழு உரிமம் தராதீர்கள். முதல் ஓராண்டுக்கு அந்தத் தற்காலிக உரிமத்தையே கொடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநர் பயிற்றுநர்